எளிதில் கோபம் வராதவர்

சரி, தவறு என்று எதுவும் இல்லை, மனதில் முதலில் தோன்றுவதைச் சொன்னால் போதும் என்கிறாள் என் மகள் பிரதீபா. வீட்டில் நீ, வா, போ என்று பேசுகிறவள் இங்கே நீங்கள் என்கிறாள், அச்சடித்த தமிழில். இங்கே நான் அவளுக்கு அப்பா இல்லை, சோதனைக்கு உட்படுபவர். உளவியல் செய்முறைத் தேர்வுக்கு ஒவ்வொருவரும் ஓர் ஆளைக் கூட்டி வர வேண்டுமாம், தன் வகுப்பில் படிக்காத ஆளாக. அந்த ஆளை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, அவன் எப்பேர்ப்பட்டவன் என்று கண்டுபிடித்து, வெளியூரிலிருந்து வந்திருக்கும் தேர்வாளரிடம் விளக்கினால் மார்க். அவள் சொல்லி வைத்திருந்த பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. காலையில் தலையைக்கூடத் துவட்டாமல் வந்து நின்று, இன்றைக்கு உனக்கு லீவுதானே, நீயே வாயேன் என்றாள். லீவுதான். கொஞ்ச நாளைக்கு ஸ்டேஷன் பக்கம் வராதே, காக்கியை மாட்டாதே, போனை மட்டும் அணைக்காதே என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். ஏன் லீவு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதுகுவலி என்றிருப்பேன், ஏட்டு சங்கரலிங்கத்துக்கு முதுகுவலி என்றால் ஊரே நம்பும். போன் சட்டைப் பையில் கிடக்கிறது, நெஞ்சுக்கு நேராக, சத்தத்தை நிறுத்தி அதிர்வில் வைத்திருக்கிறேன். அது அதிர்ந்தால் தெரிந்துவிடும், பெரியாஸ்பத்திரியில் நேற்றிலிருந்து கண் திறக்காமல் கிடக்கிற அந்தப் பையன் பிழைத்தானா போனானா என்று. அவன் போய்விட்டால் நானும் போனேன். நான் புதிய மனிதர்களுடன் எளிதாகப் பழகுவேன், என்று வாசிக்கிறாள் பிரதீபா. ஆமா என்கிறேன். அவள் குறித்துக்கொள்கிறாள்.

ஆய்வகம் என்று வெளியே எழுதியிருக்கிறது, உள்ளே பார்த்தால் எங்கள் ஸ்டேஷனின் பொருள் வைக்கிற அறை மாதிரிதான் இருக்கிறது. பழைய மரபீரோக்கள், துருப்பிடித்த ஸ்டாப் வாட்ச், மேசை மேல் சாந்தில் செய்து வர்ணம் அடித்த மூளை. இரண்டாகத் திறக்கும்படி செய்திருக்கிறார்கள், யாரோ திறந்து பார்த்துவிட்டுச் சரியாக மூடாமல் வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பெண் அதன் மேல் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து வைத்திருக்கிறாள். நான் எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டேன். ஆமா. நான் விதிகளை மதிப்பேன். ஆமா. மண்டை உடைந்தால் இப்படி அழகாக இரண்டாகத் திறக்காது, எனக்குத் தெரியும், முதலில் ஒன்றுமே தெரியாது, மயிருக்குள்ளிருந்து ஈரம் மெதுவாகத்தான் வரும், காதுக்குப் பின்னால் இறங்கி, சட்டைக் காலரில் ஊறி, அதற்கப்புறம்தான் தரையில் தெரியும். மற்றவர்களின் வலியை என்னால் உணர முடியும், என்கிறாள். ஆமா. பொய் இல்லை. உணராமல் எப்படி இந்த வேலையைச் செய்வது? உள்ளங்காலில் எந்த இடத்தில் பட்டால் உச்சந்தலை வரைக்கும் போகும், ஈரத் துண்டைச் சுற்றி அடித்தால் எந்தக் காயம் வெளியே தெரியாது, எப்போது ஒருவன் நடிக்கிறான், எப்போது நிஜமாகவே தாங்க மாட்டான், எல்லாம் எனக்கு என் உடம்பில் தெரியும். பயிற்சிப் பள்ளியில் என்னை முழங்காலில் ஓடவிட்டவன் எனக்குக் கற்றுக்கொடுத்தது அது. பிரதீபா அதையும் குறித்துக்கொள்கிறாள், லேசாகச் சிரிக்கிறாள், அப்பாவைப் பற்றி நல்லதாக ஒன்று வந்துவிட்டது என்று.

எனக்கு எளிதில் கோபம் வரும். இல்லை என்கிறேன், உடனே, யோசிக்காமல். அதுவும் உண்மைதான். ஸ்டேஷனில் கேட்டுப் பார்க்கட்டும். மற்றவர்கள் குடித்துவிட்டு அடிப்பார்கள், கெட்ட வார்த்தை பேசிக்கொண்டு தன்னைத்தானே ஏற்றிக்கொண்டு அடிப்பார்கள், நான் அப்படி இல்லை. எந்த ஸ்டேஷனிலும் அடிக்கிறதுக்கு என்று ஒரு ஏட்டு இருப்பான், இங்கே அது நான், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உள்ளே போவேன், முடித்துவிட்டு வந்து மறுபடி கட்டிக்கொண்டு டீ குடிப்பேன். எனக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் பேர் கேட்பேன். பேர் எனக்கு முன்பே தெரிந்திருக்கும், இருந்தாலும் கேட்பேன், உன் வாயால் சொல் என்பேன். பேரைச் சொல்லிவிட்டவன் ஊரைச் சொல்வான், ஊரைச் சொன்னவன் கூட இருந்தவனைச் சொல்வான், சொல்லச் சொல்ல வாய் இளகும், பாதிப் பேருக்குக் கையை ஓங்கவே வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிற அந்தப் பையன் பேரைச் சொல்லவில்லை. தோட்டத்து மோட்டார் ஒன்று காணாமல் போயிருந்தது, அங்கே கூலிக்குப் போனவன், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்துத் தூக்கி வந்திருந்தார்கள். பாண்டீஸ்வரன். எலும்பும் தோலுமாக, பிரதீபாவை விட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். பேர் என்னடா என்றேன். வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான். பின்பக்கத்துக் கல்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்திருந்தேன், வெயில் நேராக அவன் முகத்தில், இருந்தும் கண்ணைச் சிமிட்டவில்லை. முறைத்தான். உதட்டை அழுத்தி மூடிக்கொண்டு, தாடையை இறுக்கிக்கொண்டு, கை இரண்டையும் முறுக்கிக்கொண்டு, என்னை அப்படியே முறைத்தான்.

நான் சிறு விஷயங்களுக்கும் கவலைப்படுவேன், என்கிறாள் பிரதீபா. என்ன கேட்டாள்? சிறு விஷயம். இல்லை, இல்லை என்கிறேன். அவன் அப்படி முறைத்தபோது எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் எவனிடமும் வராத கோபம் அந்த ஒல்லிப் பயலிடம் ஏன் வந்தது என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். லத்தியால் முழங்காலுக்குக் கீழே வைத்தேன், நொண்டினான், சத்தம் போடவில்லை, ஒரு அம்மா இல்லை, ஐயோ இல்லை, மூச்சுதான் மூக்கு வழியாக வந்தது. பேர் என்னடா. மூடின வாய் மூடினபடி. திரும்பவும் வைத்தேன், விரல் கணுக்களில் வைத்தேன், ஒன்று முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஏன்டா முறைக்கிற என்றேன். பேரு தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, உங்க அப்பன் வெக்க மறந்துட்டானா என்றேன். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்தான். அவன் சிரித்ததுதான் எனக்குள் எதையோ கிழித்தது, இந்த நோஞ்சான் என்னைப் பார்த்து அடுத்தவனைச் சிரிக்க வைக்கிறானே என்று. லத்தியைப் போட்டுவிட்டுக் கையால் அறைந்தேன், காதோடு சேர்த்து, என் உடம்பிலிருந்த அத்தனை பலத்தோடும். அவன் பின்னால் போனான். தொட்டியின் விளிம்பு. அந்தச் சத்தத்தை எதனோடும் ஒப்பிட எனக்கு விருப்பமில்லை. கண் மூடுகிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், வாய் அப்போதும் மூடித்தான் இருந்தது. கழிப்பறையில் வழுக்கி விழுந்தான் என்று எழுதியாயிற்று. எங்கள் கழிப்பறைகள் வழுக்குவதற்கென்றே கட்டியவை.

நான் பிறர் பேசும்போது குறுக்கிட மாட்டேன். ஆமா என்று நான் சொல்வதற்கு முன்பே அவள் பேனா தாளுக்குப் போய்விடுகிறது, பிறகு தப்பு என்று தெரிந்து நின்று, என் வாயிலிருந்து வரட்டும் என்று பார்க்கிறாள். ஆமா. இந்தக் கேள்விக்கு அவளுக்கே பதில் தெரியும். சின்ன வயதில் இவளுக்குத் திக்குவாய். திக்கித் திக்கிச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிற வகை இல்லை, அப்படியே நின்றுவிடுகிற வகை, சொல் உள்ளே சிக்கிக்கொள்ளும், வெளியே சத்தமே வராது. ப, ம என்றால் ரொம்பக் கஷ்டம். தன் பேரைச் சொல்லத்தான் அதிகம் கஷ்டப்படுவாள், என்ன பேர் வைத்தோம் பார், வேறு எழுத்து கிடைக்கவில்லையா என்று என் மனைவி வடிவு அழுவாள். நாலாம் வகுப்பில் வாத்தியார் பேர் கேட்டு, இவள் சொல்லவில்லை என்று ஸ்கேலால் வாயிலேயே அடித்துவிட்டார், உதடு கிழிந்து வந்தாள். நான் யூனிபார்மோடு போனேன். அந்த ஆளை வகுப்பிலிருந்து காலரைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்து வந்து, அடித்த கையின் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் திருப்பினேன், பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில் நின்று பார்த்தார்கள், அவர் பேரைக் கேட்டேன், உன் பேரைச் சொல்லு பார்ப்போம், இப்போ சொல்லு என்றேன், அவரும் வலியில் சொல்ல முடியாமல்தான் நின்றார். அதற்குப் பிறகு பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போனோம். அங்கே இருந்த அம்மா எனக்குத்தான் பயிற்சி கொடுத்தார். சொல்லை எடுத்துக் கொடுக்காதீங்க, அவசரப்படுத்தாதீங்க, வேறு பக்கம் பார்க்காதீங்க, முகத்தைப் பார்த்துக்கிட்டே இருங்க, வரும் என்றார். இருந்தேன். சாப்பாட்டுத் தட்டில் சோறு காய்ந்துபோகிற வரைக்கும் இருந்திருக்கிறேன். ஊரில் என்னை மாதிரி காத்திருந்த அப்பன் எவனும் இல்லை.

இப்போது நன்றாகப் பேசுகிறாள், பதற்றம் வந்தால் ஒழிய. பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள், வீட்டுக்குள் நடந்துகொண்டே, அதனால் அவள் பாடம் எனக்கும் வடிவுக்கும் பாதி மனப்பாடம். ஒருவன் எப்பேர்ப்பட்டவன் என்பதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, மனுசனிடம் சில பண்புகள் உண்டு, அவை அவன் போகிற இடமெல்லாம் கூடவே போகும் என்கிறது. முன்கோபி வீட்டிலும் முன்கோபி, கடைத்தெருவிலும் முன்கோபி, அளந்தால் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். அது பண்புக்கூறுக் கோட்பாடு. இன்னொரு கட்சிக்கு அளவெல்லாம் பிடிக்காது. எல்லாருக்குள்ளும் வளர வேண்டும் என்று ஒன்று முண்டிக்கொண்டிருக்கிறது, யாராவது எந்த நிபந்தனையும் போடாமல் ஏற்றுக்கொண்டால் எவனும் நல்லபடியாக வருவான் என்கிறது. அது மனிதநேயக் கோட்பாடு. எங்க லாக்கப்புக்கு வந்து வளரச் சொல்லு பார்ப்போம் என்று நான் கேலி செய்வேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். உன்னையே எடுத்துக்கோப்பா என்பாள், நான் திக்குறப்ப நீ ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்ததில்ல, நான் முடிக்கிற வரைக்கும் உக்காந்திருப்ப, அதுக்குப் பேருதான் நிபந்தனையில்லாத ஏற்பு, அதுதான் என்னைப் பேச வெச்சுச்சு என்பாள். எம்.ஏ. படித்துவிட்டு வாய் திறக்காத பிள்ளைகளைப் பேச வைக்கப் போகிறாளாம். நானும் வாய் திறக்காதவர்களைப் பேச வைப்பவன்தான், ஒரே வேலை என்று நான் சொன்னதில்லை. நேற்று சாயங்காலம் ஸ்டேஷனில் எல்லாம் கழுவிவிட்ட பிறகும் வாசல் வேப்பமரத்தடியில் பாண்டீஸ்வரனின் அக்கா நின்றுகொண்டிருந்தாள். மதியத்திலிருந்தே நின்றிருக்கிறாள், ஐயாகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லணும், அவனைப் பத்தி ஒண்ணு சொல்லணும் என்று போகிற வருகிற எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். எல்லா அக்காவுக்கும் ஒன்று சொல்ல இருக்கும், என் தம்பி நல்லவன் என்று. விரட்டிவிட்டார்கள். நான்தான் விரட்டச் சொன்னேன்.

கேள்விகள் தீர்ந்துவிட்டன. அவள் கூட்டுகிறாள், உதடு அசைகிறது, எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கும். போன் அதிரவில்லை. செத்திருந்தால் உடனே சொல்லியிருப்பார்கள், இல்லை, செத்திருந்தால்தான் சொல்ல மாட்டார்கள், முதலில் ஆளைக் காப்பாற்ற வழி பார்ப்பார்கள், எந்த ஆளை, என்னையா, தங்களையா, தங்களைத்தான். என்னைக் கொடுத்துவிட்டுத் தங்களைக் காப்பாற்றிக்கொள்வார்கள். கைது செய்து வேனில் ஏற்றும்போது முகத்தைத் துண்டால் மூடிக்கொள்ள விடுவார்கள். முகம் துண்டுக்குள் இருந்தாலும் என் கால்களைப் பார்த்தே இவள் கண்டுபிடித்துவிடுவாள். தேர்வாளர் வந்து எதிரே உட்காருகிறார். கழுத்து வியர்வைக்குக் காலரில் கைக்குட்டை செருகியிருக்கிறார், ஊருக்குத் திரும்புகிற அவசரம் முகத்தில் இருக்கிறது. மதிப்பெண்ணைப் பார்க்கிறார். இணக்கம் ரொம்ப அதிகம், கோபம் ரொம்பக் குறைவு, பொறுமை உச்சத்தில். நல்ல மனுசனாத்தான் கூட்டிட்டு வந்திருக்க என்று அவளிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருக்கிறது.

ஆளுமையைப் பற்றி நீ படித்த இரண்டு கோட்பாட்டையும் சொல்லு என்கிறார். மனிதநேயக் கோட்பாடு என்கிறாள், ம என்ற எழுத்தைத் தாண்டிவிட்டாள், எனக்குள் மூச்சு இறங்குகிறது. இன்னொன்று? அந்த இன்னொன்றின் பேரை எங்கள் வீட்டுச் சுவர்கூடச் சொல்லும். அவள் வாயைத் திறக்கப் போகிறாள், உதடுகள் சேருகின்றன, சேர்ந்தவை பிரியவில்லை. தாடை இறுகுகிறது. மடியில் கைகள் முறுக்கிக்கொள்கின்றன. கண் அவர் முகத்தில் குத்திட்டு நின்றுவிட்டது, இமைக்கவில்லை, மூக்கு வழியாக மூச்சு மட்டும் வருகிறது. அவர் பேனாவால் மேசையைத் தட்டுகிறார். “ஏம்மா முறைக்கிற? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு” என்கிறார். என் வலது கை தானாக எழுந்துவிட்டது. இந்த ஆளின் தாடை எலும்பு காதுக்குக் கீழே எங்கே சேருகிறது என்று எனக்குத் தெரியும், ஒரே அடி, அந்தச் சாந்து மூளைக்குப் பக்கத்தில் இவன் மூளையையும் வைத்துவிடலாம், என் பிள்ளை முறைக்கிறாளா, முறைக்கிறாளா, அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்டா, சத்தம் வரவில்லை அவ்வளவுதான், உனக்குக் கண் இல்லையா, ஏன்டா முறைக்கிற. ஏன்டா முறைக்கிற. அது என் குரல். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. அதுவும் என் குரல். கல்தொட்டி, வெயில், ஒட்டிக்கொண்ட உதடு, இறுகின தாடை, முறுக்கின கை, குத்திட்டு நிற்கிற கண். பாண்டீஸ்வரன். ப. பத்து வருஷம் சோற்றுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டே இருந்த முகம். இது இந்த உலகத்தில் எவனுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் முறைக்கவில்லை. நான் கேட்ட நிமிஷத்திலிருந்து, லத்தி விழ விழ, விரல் முறிய முறிய, தலை தொட்டியில் மோதுகிற வரைக்கும் அவன் தன் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஓங்கின கையைக் கொண்டுபோய் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்கிறேன். “கொஞ்சம் பொறுங்க சார், அவ சொல்லுவா” என்கிறேன். அவர் என்னைப் பார்க்கிறார், பேனா நிற்கிறது. நான் அவளைப் பார்க்கிறேன், எடுத்துக் கொடுக்காமல், அவசரப்படுத்தாமல். அவள் கண் என் பக்கம் திரும்புகிறது. பண்புக்கூறுக் கோட்பாடு என்கிறாள். அதற்கப்புறம் தங்குதடையில்லாமல் வருகிறது. இந்த இரண்டில் எது இவருக்குப் பொருந்தும் என்று அவர் கேட்க, இரண்டுமே என்கிறாள். “இவர் எங்க இருந்தாலும் பொறுமையானவர், சார். எதிர்ல இருக்கிறவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருப்பார். வீட்ல மட்டும் இல்ல, எங்கயும்.” நெஞ்சில் போன் அதிர்கிறது. எழுந்து வராந்தாவுக்கு வருகிறேன்.

இன்ஸ்பெக்டரின் குரலில் சந்தோஷம். கண்ணு முழிச்சுட்டான்யா என்கிறார். மாஜிஸ்திரேட் வாக்குமூலம் வாங்க வந்திருக்கிறார், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேர் என்ன என்று கேட்டிருக்கிறார், யார் அடிச்சதுன்னு கேட்டிருக்கிறார், பையன் ஒரு வார்த்தை பேசவில்லையாம். “வாயை இறுக்கி மூடிக்கிட்டு அவரையே முறைக்கான்யா. அவருக்கே கடுப்பாயிருச்சு. சொல்ல ஒண்ணுமில்லன்னு எழுதிட்டு எந்திரிக்கப் போறாரு. தப்பிச்சோம்.” அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான். இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறான், முறிந்த விரலோடு, கட்டுப்போட்ட தலையோடு. முதலில் தன் பேரை, அதைத் தாண்டினால் என் பேரை. அந்த அறையில் இருக்கிற எவனுக்கும் அது தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும், கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், வந்துவிடும். வந்துவிட்டால் துண்டு, வேன், ஜெயில், வடிவு தெருவில் தலைகுனிந்து நடப்பாள், பிரதீபாவின் எம்.ஏ., பிரதீபா. பேசாமல் இருந்தால் மாஜிஸ்திரேட் எழுந்துவிடுவார், சாயங்காலம் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு டீ குடிக்கலாம். பொறுக்கச் சொல்லுங்க ஐயா, அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. உதடுகளைச் சேர்க்கிறேன். சேர்ந்தவை பிரியவில்லை. பயம் தாடையை இறுக்குகிறது, மூக்கு வழியாக மூச்சுதான் வருகிறது. “என்னய்யா, லைன்ல இருக்கியா? சீக்கிரம் சொல்லு, அவரு கிளம்புறாரு” என்கிறார் இன்ஸ்பெக்டர். ஆய்வகக் கதவைத் தள்ளிக்கொண்டு பிரதீபா சிரித்த முகமாக ஓடி வருகிறாள், என்னைப் பார்த்ததும் நிற்கிறாள். மூடின வாயை, இறுகின தாடையை, காதோடு சேர்த்துப் பிடித்த போனை எல்லாம் பார்க்கிறாள். என்ன என்று கேட்கவில்லை. நேராக என் எதிரே வந்து, எதையும் எடுத்துக் கொடுக்காமல், என் முகத்தைப் பார்த்தபடி நின்று, நான் சொல்வதற்காகக் காத்திருக்கிறாள்.